பெட்டி நிறைய ஐயா காலம்

கே: எங்கள் பெரிய வீட்டில் ஐயா காலத்து பிலிம் நெகடிவ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உள்ளன. ஸ்கேனர் வாங்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

ப: வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகுமுன் ஸ்கேலை எடுத்து நெகடிவை அளந்துவிடுங்கள்! அந்தக் காலத்துப் பெட்டி கேமராக்களில் பெரும்பாலும் 6 செ.மீ. அகல பிலிம்தான். மலிவு ஸ்கேனர்கள் பலவற்றில் 35 மி.மீ. பிலிம் மட்டுமே நுழையும். உங்களுக்கு வேண்டியது மூடியிலும் விளக்குள்ள பிளாட்பெட் வகை. 2400 டிபிஐ போதும், 35 மி.மீ. பிலிமே ஏறத்தாழ 77 லட்சம் பிக்சல் தரும். அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதிக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். கறுப்பு வெள்ளை பிலிமில் உள்ள வெள்ளி அந்தக் கதிரை மறித்துவிடும்.

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, நாள் கடத்தாதீர்கள். ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டே ஸ்கேன் செய்யுங்கள். முடிந்தபின் நெகடிவ்களை எறிந்துவிடவும் வேண்டாம்.

உங்கள் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித்தேடிச் சேர்த்த நூல்கள்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம். ‘நாம் இருவர்’ (1947) படத்தை ஏவி.எம். எடுத்ததும் உங்கள் ஊரில்தான். அந்த ஊர்ப் படங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகலாமா?

செலவுதான் கவலையென்றால், கோயில் காரியத்துக்குப் போடுவதுபோல் பங்காளிகளிடம் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போட்டுவிடுங்கள்!