கட்டிப் பார்க்க விடாத வீடு

அனுப்புநர்:
தகரக் கூரையின் கீழ் வசிக்கும் ஒரு தமிழன்,
கார் நிக்கோபார்.

பெறுநர்:
நிரந்தர வீடுகளை வரைந்த உயர்திரு மேசை அவர்கள்
(உரிய நாற்காலிகள் வழியாக).

பொருள்: பயனாளியைக் கடைசிவரை பயனாளியாகவே வைத்திருக்கும் தங்கள் திறமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: கூரை ஒழுகுவது குறித்து நான் ஏற்கெனவே அனுப்பிய மூன்று மனுக்கள்.

ஐயா,

மழை தொடங்கிவிட்டது. தகரத்தின் மேல் அது கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் பேச்சை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒழுகும் இடத்தில் வாளி வைத்தாயிற்று. வாளிக்கு நேர் மேலே ஒரு நட்டு. அதை இரண்டு சுற்று முடுக்கினால் ஒழுகல் நின்றுவிடும் என்று எனக்கும் தெரியும், பக்கத்து வீட்டு நிக்கோபாரிப் பெரியவருக்கும் தெரியும். அதற்குப் பொருந்தும் ஸ்பேனர்தான் எங்கள் இருவர் கைக்கும் எட்டவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். நான் மனு எழுதுகிறேன்.

தயவுசெய்து இதைப் புகார்க் கோப்பில் சேர்த்துவிட வேண்டாம். இது பாராட்டுக் கடிதம்.

உலகத்தில் பொருள் செய்து விற்பவர்களில் பலர் ஒரு தப்பைச் செய்துவிடுகிறார்கள். வாங்கியவனைக் கெட்டிக்காரனாக்கிவிடுகிறார்கள். சிங்கரும் உஷாவும் தையல் மிஷின் விற்றதோடு நிற்காமல் தையல் வகுப்பும் நடத்தினார்கள். என்ன ஆயிற்று? ரவிக்கை வெட்டத் தெரிந்த பெண் அடுத்த மாதம் பாவாடை வெட்டினாள், அதற்கடுத்த தீபாவளிக்குத் தெருவுக்கே தைத்துக் கொடுத்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தாள். மிஷினுக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் அவளே. கம்பெனிக்காரனைத் தேடி அவள் போகவேயில்லை; ஆனால் ஊர் முழுக்க அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு பெரிய நிர்வாகச் சீர்குலைவு!

தாங்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து இந்தத் தீவின் கரையோர ஊர்களைத் துடைத்துப் போட்ட பிறகு, முதலில் தற்காலிகத் தகரக் கொட்டகை வந்தது. பிறகு சில ஆண்டுகளில் தங்கள் நிரந்தர வீடு வந்தது. இரும்புச் சட்டம், தகரக் கூரை, வரிசையில் ஒன்றுபோல் ஒன்று. எல்லாம் கப்பலில் வந்தவை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி என்னைப் போன்ற வெளியாள் இங்கே காலெடுத்து வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். தகரத்திடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

முன்பு இங்கே இருந்த வீட்டைத் தாங்கள் பார்த்திருக்க நியாயமில்லை. கோப்பில் ‘குடிசை’ என்று ஒற்றைச் சொல்லாகப் போயிருக்கும். தேன்கூட்டைக் கவிழ்த்துக் கம்பங்களின் மேல் நிறுத்தியது போன்ற வட்ட வீடு அது. ஆள் உயரத் தூண்கள். எலி ஏறாதபடி தூண்களில் வட்டத் தட்டுகள். வீட்டின் தளத்தில் ஒரு துவாரம், அதன் வழியாக ஏணி. இரவானால் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளலாம். பிளந்த மூங்கிலும் பிரம்பும் பரப்பிய தளத்தின் இடுக்குகள் வழியே கடற்காற்று அடியிலிருந்து ஏறிவரும். புல் வேய்ந்த கூரை அடுப்புப் புகையில் கருத்து, பூச்சி அரிக்காமல் நிற்கும். பகலில் ஜனங்கள் வீட்டுக்கு உள்ளே இருப்பதைவிட வீட்டுக்கு அடியில் இருப்பதே அதிகம். நிழல் அங்கே, பேச்சு அங்கே, குழந்தை தூங்குவது அங்கே.

தங்கள் பார்வையில் அந்த வீட்டில் கடுமையான குறைபாடுகள் உண்டு. முதலாவது, ஆணி இல்லை. பிரம்பால் கட்டுவார்கள். ஆணி இல்லையென்றால் ஆணிக்கு டெண்டர் இல்லை. இன்னொன்று, அதைக் கட்ட ஒரு தூஹெத் மொத்தமும் கூட வேண்டும். தூஹெத் என்றால் நிலம், தென்னை, பன்றி எல்லாவற்றையும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் குடும்பம். பெரியவர் கட்டுவார், நடுவயதுக்காரன் இழுத்துப் பிடிப்பான், பையன் பிரம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். அடுத்த வீடு எழும்போது அந்தப் பையன் இழுத்துப் பிடிப்பான். அதற்கடுத்த வீட்டில் முடிச்சு அவனுடையது. கூரை பழசாகி மறுபடி வேய வேண்டி வரும்போதெல்லாம் இந்தப் பாடசாலை திறந்துகொள்ளும். கடைசியில் பன்றி அடித்து விருந்து. வீடு கெட்டுப்போவதே கொண்டாட்டத்துக்குக் காரணமாகிவிட்டால், ஐயா, பராமரிப்புப் பிரிவு என்னத்துக்கு?

நம் ஊரில் ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். பயமுறுத்துவதற்குச் சொன்னது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இந்தத் தீவுக்கு வந்த பிறகுதான் அந்தப் ‘பார்’ என்ற சொல்லில் இருக்கும் அழைப்பு காதில் விழுந்தது. கட்டிப் பார்த்தவனுக்கு எது எங்கே இழுக்கும், எது எங்கே சாயும் என்று கை சொல்லும். தாங்கள் அந்தத் தொல்லையிலிருந்து ஒரு தலைமுறையையே விடுவித்தீர்கள். கடல் கொண்டுபோனது வீடுகளை. கட்டத் தெரிந்த கைகளில் மிச்சம் இருந்தவற்றுக்குத் தாங்கள் ஓய்வு கொடுத்தீர்கள். கத்தியும் கோடரியும் கருவிகளும் கொடுங்கள், வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று அந்த நாட்களில் நிக்கோபார்த் தீவுகளிலிருந்து குரல்கள் எழுந்தன. என்ன அறியாமை! கோடரி வாங்கிப் போனவன் திரும்பி வரமாட்டானே.

வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவதில் தங்களுக்கு முன்னோடிகள் இங்கேயே உண்டு. தெற்கே எழுபது எண்பது கிலோமீட்டரில் சௌரா என்று ஒரு சின்னத் தீவு. பானை வனைவது அந்தத் தீவுக்காரர்களின் ஏகபோகமாக இருந்தது. மண்ணைக்கூடப் பக்கத்துத் தெரேசாவிலிருந்துதான் கொண்டுவருவார்கள். ஆனால் வேறு யாராவது பானை வனைந்தால் கேடு வரும் என்று எல்லாத் தீவுகளும் நம்பின. காப்புரிமை அலுவலகமே இல்லாமல் என்ன ஒரு காப்புரிமை! பெரிய படகுகளும் சௌரா வழியாகத்தான் கைமாறின. கார் நிக்கோபார்க்காரன் பானையோ படகோ வேண்டுமென்றால் திறந்த கடலில் ஹோடி என்ற பக்கக்கட்டைப் படகைச் செலுத்திக்கொண்டு அங்கே போயாக வேண்டியிருந்தது.

சௌராக்காரர்கள் கோட்டைவிட்டது இங்கேதான். சரக்கு எடுக்கப் போகிற வழியிலேயே வாடிக்கையாளன் மாலுமியாகிவிட்டான். இரவில் எந்த நட்சத்திரத்தை வைத்துக் கரையை விட்டு விலகுவது, நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும், பக்கக்கட்டையை எப்படிச் சமன்செய்வது எல்லாம் பானை விலையில் அடக்கம். பையன்களின் முதல் சௌராப் பயணத்துக்குத் தனிச் சடங்குகளே இருந்தன. போனவன் பையன், வந்தவன் ஆள். சரக்குக்குச் சௌராவை நம்பியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நம்பியிருத்தல் அவர்களைக் கடலில் கெட்டிக்காரர்களாக்கியது. தாங்கள் போக்குவரத்துச் செலவையும் தாங்களே ஏற்று, வாசலிலேயே கொண்டுவந்து இறக்கி, அந்த அபாயத்தையும் நீக்கிவிட்டீர்கள்.

இதே தப்பைச் செய்த ஒரு தமிழரும் உண்டு. வேதப்பன் சாலமன். 1890களில் மிஷன் ஊழியராக இங்கே வந்து, மூஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரிடம் படித்த ஒரு பையனை மேற்படிப்புக்குப் பர்மாவின் மாண்டலேக்கு அனுப்பினார்கள். அந்தப் பையன்தான் ஜான் ரிச்சர்ட்சன். ஊர் திரும்பி ஆசிரியரானார், பிறகு இந்தத் தீவுகளின் முதல் பிஷப்பானார், புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபாரி மொழியில் தந்தார், 1952இல் அமைந்த முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக உட்கார்ந்தார். பாருங்கள், சாலமன் மட்டும் தங்களைப் போல யோசித்திருந்தால் எழுத்தைக் கற்றுத் தராமல், தேவைப்படுவோருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் கவுன்டர் ஒன்றைத் திறந்து ஆயுளுக்கும் கூட்டம் சேர்த்திருக்கலாம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவரே என்னைத் திட்டுவார். பழைய வட்ட வீடுகளும் அலைக்கு நிற்கவில்லை. கரையோரம் இருந்ததெல்லாம் போயிற்று. ஊர்ப் பொது இடமான எல்பனமும் கடலோரம்தானே இருந்தது. நிக்கோபார் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பிழைத்தவர்களுக்கு உடனே தலைக்கு மேல் ஏதாவது வேண்டியிருந்தது. தகரம் வேகமாக வரும், புல் வளர்ந்துதான் வர வேண்டும். இளைஞர்களில் பலருக்குப் புதிய வீடு பிடித்தும் இருக்கிறது. ஓலை, புல் என்று அலைய வேண்டாம், கதவைப் பூட்டலாம். அவர்களைப் பழைய குடிலுக்குள் போ என்று சொல்ல, தகரத்தின் கீழ் மின்விசிறி போட்டுக்கொண்டு இதை எழுதும் எனக்கு என்ன யோக்கியதை? இரும்பு என் எதிரியும் அல்ல. இரும்பு வந்ததில் வழக்கில்லை. அதை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, துரு ஏறிய தகட்டை எதைக் கொண்டு மாற்றுவது என்ற வித்தை அதோடு கப்பல் ஏறவில்லையே, அதைத்தான் பாராட்டிக்கொண்டிருக்கிறேன். உப்புக்காற்று அடிக்கும் தீவில் துரு எவ்வளவு சீக்கிரம் வரும் என்று சொல்ல வேண்டுமா?

வேறு விதமாகவும் செய்திருக்கலாமே என்று கேட்கும் விதண்டாவாதிகளுக்குத் தாங்கள் பதில் சொல்ல வேண்டிவரலாம். அவர்கள் குஜராத்தை இழுப்பார்கள். 2001 ஜனவரி 26இல் நடந்த கட்ச் பூகம்பத்துக்குப் பிறகு, இடிந்த வீடுகளில் மிகப் பெரும்பகுதியை வீட்டுக்காரர்களே திரும்பக் கட்டினார்கள். அரசு பணத்தைத் தவணையாகக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்த்துச் சரியென்றால் அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பூகம்பம் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி கொடுத்தார்கள். போதாக்குறைக்கு, அங்கே பன்னிப் பகுதியின் ‘புங்கா’ என்ற வட்ட மண்வீடுகள், பக்கத்தில் பெரிய கட்டடங்கள் சரிந்தபோதும் நின்றன. அதைப் பார்த்துப் பொறியாளர்கள் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனார்கள். வட்ட வீடு என்றாலே தொல்லைதான். கட்ச் காய்ந்த நிலம், இது நடுக்கடல் தீவு, இரண்டும் ஒன்றாகுமா என்று தாங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கப்பலில் சிமென்ட் வர முடிந்தால் ஒரு பயிற்சியாளர் வர முடியாதா என்று மட்டும் அவர்கள் திருப்பிக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி, தங்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. நிக்கோபார் ஹோடிக்கும் நிக்கோபார் குடிலுக்கும் புவிசார் குறியீடு கேட்டுச் சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகத்துக்கு விண்ணப்பங்கள் போயின. மதுரை மல்லிக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்த அதே மரியாதை. குறியீடு இருந்தால் யாரும் நிக்கோபார் குடிலைப் போலி செய்துவிட முடியாது. நிஜமாகச் செய்யவும் ஆள் குறைந்துகொண்டு வருகிறது என்பதால் பாதுகாப்பு இரட்டிப்பு. இங்கத்திய பேரப்பிள்ளைகள் தாத்தா வீடு எப்படி இருந்தது என்று அறிய ஆசைப்பட்டால் கப்பலேறிக் கிண்டிக்குப் போய்க் கோப்பைப் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே பாம்புப் பண்ணையையும்.

நிற்க. பாராட்டிய வாயால் சில விண்ணப்பங்களும் வைக்கிறேன்.

அடுத்து ஏதாவது வீடோ படகோ பம்புசெட்டோ இந்தத் தீவுக்கு வரைந்தால், வரைபடத்தை முதலில் ஊர்த் தலைவர்களான கிராம கேப்டன்களிடம் கொடுத்து, இதில் எதை உங்கள் ஊர்ப் பையன்களால் கழற்றி மாட்ட முடியும் என்று கேட்டுவிட்டு, முடியாததை மாற்றி வரையுங்கள். பொருத்தும் வேலைக்கு மெயின்லேண்டிலிருந்து ஆள் கூட்டி வந்தால், ஒவ்வொருவர் பக்கத்திலும் நுனியைப் பிடிக்க ஒரு உள்ளூர்ப் பையனை நிறுத்துங்கள். கூலி அவனுக்கும் உண்டு. பழுது பார்க்கும் விவரத்தைக் கார் நிக்கோபாரி மொழியில் படத்தோடு ஒரு தாளில் அச்சடித்துக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். புல்லும் பிரம்பும் வளர இடம் விடுங்கள். கட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கும்போதே ஊருக்கு ஒரு வட்ட வீட்டைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பன்றிச் செலவைத் தாங்கள் ஏற்றால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் நிதி ஒதுக்கீடு, கூர்ந்தாய்வு, ஒப்புதல் என்று காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை, அடுத்த கப்பலில் அந்த நட்டுக்கான ஸ்பேனர் ஒன்றை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். இந்தத் தீவின் பதினைந்து கிராமத்துக்கும் அவர் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயனாளி.

இணைப்பு: பெரியவர் போட்ட பிரம்பு முடிச்சு ஒன்று. அவிழ்த்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கட்டி அனுப்பவும்.