அம்பாசடருக்குக் கண் மங்கல்

கேள்வி: இரவில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் போனால், எதிரே வரும் ஆட்டோ கண்ணில் படுவதற்குள் ஆட்டோக்காரரின் திட்டு காதில் விழுகிறது. என் பழைய அம்பாசடருக்கு 100 வாட் பல்ப் போடலாமா?
– வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: வேண்டாம் சார்! உங்கள் பல்ப் சோம்பேறி இல்லை, பட்டினி கிடக்கிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் முதலில் பேட்டரியிலும் பிறகு பல்ப் ஹோல்டரிலும் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமா? திருடன் வயரிங்கில்தான் இருக்கிறான். உங்கள் ஊர்க் காயலின் உப்புக்காற்று எர்த் இணைப்புகளைத் தின்றிருக்கும். துரு போகச் சுரண்டி இறுக்குங்கள். அடுத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயர் இழுத்து, லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என ரிலே வைக்கச் சொல்லுங்கள். பழைய சுவிட்சின் சுமையும் குறையும். ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தால் துடைக்காதீர்கள், பூச்சு உரியும், மாற்றிவிடுங்கள். 100 வாட் பல்ப் ஹோல்டரை உருக்கும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். எலக்ட்ரீஷியனிடம் 60/55 வாட் எச்4 பல்பையே கேளுங்கள், அது தாராளமாகப் போதும்.