முதல் பெயர் தெரியாது

திருவாதிரையில் குழந்தை பிறந்தால் பஞ்சாங்கம் நீட்டும் எழுத்துகள் நான்கு: கு, க, ங, ச. 'ங'வில் ஒரு பெயர் கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள். குப்புசாமி வேண்டாம், அது தாத்தா பெயர். ஒரு மாதம் மண்டையை உடைத்து 'சஷ்விக்' என்று முடிவாகும். பொருள் கேட்கக் கூடாது, ஓசைதான் முக்கியம். நியூமராலஜிக்காரர் ஆங்கிலத்தில் ஓர் 'ஏ'யும் ஓர் 'ஹெச்'சும் கூட்டுவார், கட்டணம் தனி. பாட்டி வாயில் அது 'சசிக்கு'.

பின்பெயர்? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதி வாலைக் கத்தரிக்கச் சொன்னது. நமக்கு மிஞ்சியது இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசா அந்த ஒற்றைப் பெயரைப் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் 'எஃப்என்யூ' என்று போடும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். ஒரு மாதம் மண்டையை உடைத்ததே அந்த முதல் பெயருக்குத்தான்!

பயந்துபோய் அப்பா பெயரைச் சேர்த்தால் 'சஷ்விக் மாடசாமி'. பீட்சாமேல் கருவாட்டுக் குழம்பு ஊற்றிய ஓசை. போகட்டும், அமெரிக்க பேங்கில் கூப்பிடப்போவது 'மிஸ்டர் மாடசாமி' என்றுதான். தாத்தா தப்பித்தார், அப்பா மாட்டிக்கொண்டார்.