குட்டி யானைக்குப் பிரேக் முதலில்

கேள்வி: மீன் ஏற்றிக்கொண்டிருந்த பழைய டாடா ஏஸ் டீசல் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். சர்வீஸ் செய்த கணக்கு எதுவும் இல்லை. எதில் தொடங்குவது?
(வாசகர், கோவில்பத்து, காரைக்கால்)

பதில்: யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். சர்வீஸ் கணக்கு இல்லையென்றால் எதையுமே மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். இன்ஜின் ஆயில், கூலன்ட், மூன்று ஃபில்டர்கள் எல்லாம் புதிதாகட்டும். அன்றைய கிலோமீட்டரை நோட்டில் எழுதுங்கள்.

ஆனால் முதல் செலவு பிரேக்குக்குத்தான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். முழுப் பாரத்தோடு அடிக்கடி மிதித்தால் உள்ளே ஆவி கட்டி, பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. புது ஆயில் விலை சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது துரு. கடற்காற்றைவிட மோசம், ஐஸ் உருகி வடியும் மீன் தண்ணீர். வண்டியைத் தூக்கி, சேஸிஸைச் சுத்தியலால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் இரும்பு. ‘தொப்’ என்றால் வெல்டரைக் கூப்பிடுங்கள். இனி ஒவ்வொரு மீன் லோடுக்கும் பிறகு அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் குளிக்கட்டும்.

டயரின் பக்கவாட்டையும் பாருங்கள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. ரப்பர் வெடித்திருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.