குவார்ட்டர் கணக்கு

34 வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவில் சர்வேயர் உத்தியோகம் பார்த்தேன். அதில் ஒரு நாள்கூட நேரான வரப்பைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து வயல், வாய்க்கால் வளைந்தால் கூடவே வளையும். பங்காளி முறைத்தால் நெளியும். 37 சென்ட்டை நாலு பேருக்குப் பிரித்து, உட்பிரிவு போட்டு, வெயிலில் சங்கிலியைச் சுருட்டுகிற நேரத்தில் ஐந்தாவதாக ஒரு தங்கை திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்குவாள். எல்லைக்கல்லுக்கு ராத்திரியில் கால் முளைக்கும். விடிந்து பார்த்தால் இரண்டடி நடந்திருக்கும்.

இப்படிப் பிழைத்தவனையும் என் மனைவியையும் 2018 ஆகஸ்டில் மகள் கனடாவுக்கு வரவழைத்தாள். கனடா என்றதும் நம்மவர்கள் நிறைந்த டொரண்டோவை நினைத்துக்கொண்டு, இட்லி மாவுக்குக் கவலையில்லை என்று போனோம். மகள் இருந்ததோ சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரில். அங்கே மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். சஸ்கடூனில் விமானம் இறங்கி, காரில் மேற்கே இரண்டு மணி நேரம். வழியில் திருப்பம் என்று ஒன்று இல்லை. இந்தப் பக்கம் கோதுமை, அந்தப் பக்கம் பருப்பு, மிச்சமெல்லாம் வானம். தூரத்தில் கோபுரம் மாதிரி ஒன்று தெரிந்தது. "ஊர் வந்திருச்சா?" என்றேன். "அது தானியக் கிடங்கு மாமா. அதுக்கே இன்னும் இருபது நிமிஷம் போகணும்" என்றார் மாப்பிள்ளை. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு இவ்வளவு நேரம் பயணம் செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஊரில் ஒரு மெயின் ரோடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஐஸ் மைதானம், மூன்று சர்ச். அண்டை வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய விவசாயி. வந்த மறுநாளே பை நிறைய சீமைச்சுரைக்காய் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுவாக்கில் தனக்கு 22 குவார்ட்டர் என்றார், போன வருஷம்தான் இரண்டு குவார்ட்டர் கூட வாங்கினாராம். நான் தலையாட்டினேன். ராத்திரி மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"பார்த்தா நல்ல மனுஷனாத்தான் தெரியறார். 22 குவார்ட்டர்ங்கறாரே, ஒரு நாளைக்காங்க?"

மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விளக்கினாள். குவார்ட்டர் என்றால் நிலமாம். ஒரு சதுர மைல் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால் பங்கு குவார்ட்டர், 160 ஏக்கர். சென்ட்டில் சொன்னால் 16,000. நான் 37 சென்ட்டுக்காகச் சாட்சி சொல்லக் கோர்ட்டு ஏறியவன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஒரு வாரம் மகளின் கம்ப்யூட்டரில் அந்த ஊர் நில அளவையைப் படிப்பதுதான் வேலை. 36 செக்‌ஷன் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப், ஆறு மைலுக்கு ஆறு மைல். தென்கிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி, மேற்கே போய், மேலேறித் திரும்பி, ஏர் மாடு திரும்புகிற மாதிரியே எண் போட்டுக்கொண்டு போய், வடகிழக்கு மூலையில் 36 என்று முடிக்கிறார்கள். ரோட்டுக்கு விட்ட அகலம் 66 அடி. அதாவது ஒரு சங்கிலி. நான் தோளில் போட்டுத் திரிந்த அதே பழைய கண்டர் சங்கிலி! கடல் தாண்டி வந்து சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

1872இல் போட்ட சட்டப்படி அப்போது பத்து டாலர் கட்டணம் கட்டி, வீடு கட்டிக் குடியிருந்து, நிலத்தையும் பண்படுத்தினால் ஒரு குவார்ட்டர் சொந்தம். அதற்கு முன்னால் அங்கே இருந்த கிரீ முதலான மக்களின் பெயர் அந்தச் சதுரங்களில் எதிலும் இல்லை. கோடு போடும்போது கீழே இருந்தவரைக் காணாமல் அடிப்பது எங்கள் இலாகா எல்லா தேசத்திலும் செய்துவந்த வேலைதான்.

ஒருநாள் நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்த மண் ரோடு திடீரென்று முடிந்து, பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி வடக்கே போனது. மாப்பிள்ளை சடாரென்று பிரேக் போட்டார். வரப்புத் தகராறு என்று எனக்கு ஒரே சந்தோஷம். "பங்காளி யாரு?" என்றேன்.

"பங்காளியெல்லாம் இல்ல மாமா. பூமி உருண்டையா இருக்குல்ல, அதான்."

வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். உருண்டை மேல் சதுரம் சதுரமாகப் போட்டுக்கொண்டே போனால் மேலே இடம் போதாது. அதனால் 24 மைலுக்கு ஒரு தரம் கணக்கைத் திருத்தி, கோட்டைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே கல்லை நகர்த்தியது சாட்சாத் பூமாதேவி. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்த முனையில் கொஞ்ச நேரம் நின்றேன். மாப்பிள்ளை என்னைப் படம் பிடித்தார். படத்தில் நானும் ஒரு ரோடும்தான் இருக்கிறோம். ஊரில் யாருக்குக் காட்டினாலும் "பின்னாடி ஒண்ணுமே இல்லையே" என்கிறார்கள்.

எனக்குச் சர்க்கரை. தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த ஊரில் அது மட்டும் முடியாது. ஊருக்கு வெளியே ரோட்டில் ஒருவன் நடந்தால் அவன் கார் ரிப்பேர் என்று அர்த்தம். முதல் நாள் இரண்டு பர்லாங் போவதற்குள் பிக்கப் வண்டி ஒன்று நின்றது. "கார் எங்கே நின்னு போச்சு?" நடைப்பயிற்சி என்றேன். நம்பவில்லை. ஏற்றிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டார். மறுநாள் வேறொரு வண்டி. மூன்றாம் நாள் நின்றவருக்கு என் பெயர், மகள் பெயர், என் சர்க்கரை அளவு எல்லாம் தெரிந்திருந்தது. மருந்துக்கடையிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகவில்லை என்று மகள் சத்தியம் செய்தாள். பிறகு விசாரித்தால், சர்ச் விருந்தில் "இவருக்கு சுகர் 190, பை பலகாரம் வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டவள் என் மனைவிதான்.

எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து ஆட்காட்டி விரலை மட்டும் லேசாக உயர்த்துவார். அது வணக்கம். நான் பதிலுக்கு இரண்டு கையையும் கூப்பப் போய், ஒருநாள் மாப்பிள்ளை பதறிவிட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது நான் இல்லை, ஆனாலும் பதறினார்.

நடை போயிற்று. அதற்குப் பதில் காபிக்கடை கிடைத்தது. அங்கே 'காபி ரோ' என்று ஒரு சபை உண்டு. பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் பெரிசுகள் கூடும். யார் காசு கொடுப்பது என்று தாயக்கட்டை உருட்டுவார்கள். நாற்காலிகளுக்குப் பட்டா கிடையாது, அனுபவ பாத்தியதை உண்டு. நான் உட்கார்ந்தது 1990களிலிருந்து ஒருவர் அனுபவத்தில் இருந்த நாற்காலி. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்து என் பின்னால் நின்றார். நானே எழுந்துவிட்டேன். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் இப்படி நடந்திருந்தால் வெட்டுக்குத்து.

'இங்கே நாய் ஓடிப்போனால் மூன்று நாள் வரைக்கும் அது ஓடுவதைப் பார்க்கலாம்' என்று ஒரு ஜோக். அங்கே அது ஸ்தல புராணம். முதல் வாரத்தில் ஆறு பேர் எனக்கு அதைச் சொன்னார்கள். ஆறு தடவையும் சிரித்தேன். விருந்தாளிக்குக் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

இரண்டாவது வாரத்தில் விவகாரம் தொடங்கியது. நாற்காலிக்காரர்தான் ஆரம்பித்தார். "இந்த வருஷம் உங்க ஊர்ல பருவமழை எப்படி?"

எனக்கு நெகிழ்ந்துவிட்டது. மேட்டூர் திறந்தது, கேரளாவில் வெள்ளம் வந்தது, எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னேன். எல்லோரும் குனிந்து கேட்டார்கள். பிறகுதான் புரிந்தது, அது பாசம் இல்லை, பருப்பு. சுற்றிலும் விளைவது மைசூர் பருப்பும் மஞ்சள் பட்டாணியும். வாங்குகிற பெரிய வீடு இந்தியா. அங்கே மழை பொய்த்தால் இங்கே விலை ஏறும். அதுவும் போதாதென்று 2017 கடைசியில் இந்திய அரசாங்கம் பட்டாணிக்கு 50 சதவீதமும் மைசூர் பருப்புக்கு 30 சதவீதமும் இறக்குமதி வரி போட்டுவிட்டது. ஒவ்வொரு தோட்டத்திலும் குதிர் நிறையப் பருப்பு முடங்கிக் கிடந்தது.

"அந்த வரியை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்.

நான் சர்வேயர்தான், அதுவும் ரிடையர் ஆனவன் என்றேன். "கவர்ன்மென்ட்லதானே இருந்தீங்க?" என்றார் இன்னொருவர். இருந்தேன்தான். எட்டு ஜோடிக் கண்கள் என்னையே பார்த்தன. நம் ரேஷன் கடையில் துவரம் பருப்புக்குப் பதில் 'கனடா பருப்பு' போட்டபோது, வேகவில்லை என்று அதை அனுப்பியவர்களின் ஏழு தலைமுறையை வாய் ஓயாமல் திட்டியவன் நான். அந்தத் தலைமுறை இப்போது எதிரே உட்கார்ந்து எனக்குக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாய் குழறி, 34 வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"மனு எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்."

நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்பது மனுதாரருக்கே தெரியும். அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, விதைக்கடை பில்லின் பின்பக்கம் எழுதிய மனு வந்தது. பெயர், ஏக்கர் கணக்கு, குதிரில் இருக்கும் பருப்பின் எடை, கீழே விலாசமாக நில எண்: குவார்ட்டர், செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், மூன்றாவது மெரிடியனுக்கு மேற்கு. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமான மனுவை நான் பார்த்ததில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

குளிர் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம், ராத்திரியில் காருக்கு ஒயர் மாட்டிக் கரண்ட் கொடுப்பது. எஞ்சின் உறையாமல் இருக்கவாம். மங்கி குல்லாவோடு ஜன்னலில் நின்று, தெருவெல்லாம் மூக்கணாங்கயிறு கட்டிய மாடு மாதிரி கார்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஜனவரியில் காபி ரோவே கொதித்தது. மூஸ் ஜா என்ற ஊரில் 1984இல் வைத்த மூஸ் சிலை ஒன்று உண்டு; மூஸ் என்றால் எருமை உயரத்தைத் தாண்டிய மான். உலகத்திலேயே பெரியது என்று பேர். நார்வேக்காரர்கள் 2015இல் இன்னொன்று வைத்து, 30 சென்டிமீட்டர் மிஞ்சிவிட்டார்கள். விஷயம் அந்த ஜனவரியில்தான் பெரிதாக வெடித்து, மூஸ் ஜா மேயரும் நார்வே ஊரின் துணை மேயரும் மோதிக்கொண்டார்கள். சதுர மைல் சதுர மைலாக நிலம் வைத்துக்கொண்டு ஒரு வரப்புச் சண்டையும் இல்லாமல் இருந்தவர்கள் 30 சென்டிமீட்டருக்காக மேஜையைத் தட்டியதும்தான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. சர்வேயர் என்ற முறையில் அபிப்பிராயம் கேட்டார்கள். கொம்பிலிருந்து அளப்பதா, தலையிலிருந்து அளப்பதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றேன். அன்று எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். கடைசியில் மூஸ் ஜாக்காரர்கள் தங்கள் மானுக்குப் பெரிய கொம்பாகவே மாட்டிவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஊர் திரும்பினோம். பெட்டியைக் காலி செய்யும்போது மனு கிடைத்தது. கை சும்மா இருக்குமா? மேல் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் இட்டு, பழைய பட்டா ஃபைலில் வைத்தேன்.

2020 ஜூனில் இந்தியா மைசூர் பருப்பு வரியைத் தற்காலிகமாக 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. நாலாம் நாள் மகள் போன் செய்தாள். நாற்காலிக்காரர் மருந்துக்கடைக்கே வந்து, உங்க அப்பாவுக்கு நன்றி சொல்லுங்க என்றாராம்.

"நீங்க என்னப்பா பண்ணீங்க?" என்றாள்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சுன்னு சொல்லும்மா" என்றேன்.