பொருள்: இடம் வேண்டி

அனுப்புநர்:
சி பிளாக், 304-ஆம் எண் வீட்டுக்காரர்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பொருள்: பிறந்தநாள் அழைப்பிதழ் – ஸ்கேட்போர்டு வடிவம் – ‘இடம்’ என்ற வரி காலியாக இருப்பது – தொடர்பாக.

பார்வை: 1. பார்ட்டி ஹால் கேட்டு நான் கொடுத்த மனு. 2. அதன் மேலேயே சிவப்பு மையில் தாங்கள் எழுதித் திருப்பிய குறிப்பு. 3. லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் நலமென்று நம்புகிறேன். தங்கள் கார் நலம். தினமும் காலையில் அது குளிப்பதை எங்கள் பால்கனியிலிருந்து பார்க்கிறேன்.

என் மகளுக்கு வருகிற ஞாயிறு ஒன்பது வயது நிறைகிறது. போன வருஷம் இளவரசி, அதற்கு முந்தின வருஷம் டைனோசர், இந்த வருஷம் ஸ்கேட்போர்டு. கேக், தோரணம், அழைப்பிதழ் எல்லாமே ஸ்கேட்போர்டுதான். போனிலேயே ஒரு படம் செய்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாமே என்றேன். “அது அம்மாங்க போனுக்குத்தானேப்பா போகும்? என் ஃப்ரெண்ட்ஸுக்கு என்ன குடுப்பே?” என்று கேட்டாள். நம் பொதுக்குழுவில் இவ்வளவு நியாயமான கேள்வி எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே கையால் செய்தோம். மனுவோடு வைத்த மாதிரி அழைப்பிதழைத் தாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன். கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நிஜப் பலகை ஏறக்குறைய 32 அங்குல நீளம், 8 அங்குல அகலம் இருக்கும். மேப்பிள் மரத்திலிருந்து சீவிய ஏழு மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசைபோட்டு அழுத்தி, இரண்டு முனைகளையும் மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். எங்களுக்கு மேப்பிள் வாய்க்கவில்லை, புது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி வாய்த்தது. நாலில் ஒரு பங்காகக் குறைத்து எட்டுக்கு இரண்டு என்று வெட்டினோம். முன்முனைக்கு மூக்கு, பின்முனைக்கு வால் என்று பெயராம். இரண்டையும் காபி டம்ளரின் மேல் வைத்து வளைத்தோம்.

கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல்பக்கத்தில் சொரசொரப்பான கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஹார்டுவேர் கடையில் போய்க் கறுப்பு உப்புத்தாள் கேட்டேன். “வாட்டர் பேப்பரா? கதவுக்கா, கிரில்லுக்கா சார்?” என்றார் கடைக்காரர். “பிறந்தநாளுக்கு” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்ப 120 நம்பர் போதும்” என்று எடுத்துக் கொடுத்தார். தொழில் தெரிந்த மனிதர்.

அச்சுக்குப் பல்குத்தும் குச்சி, சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். ஒரு பலகைக்கு நாலு வீதம் பதினெட்டுப் பலகைக்கு 72 பொத்தான். டெய்லர் கொடுத்ததில் மூன்று குறைந்ததால், ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகும் என் நீலச் சட்டை இப்போது விடுப்பில் இருக்கிறது.

வாசகத்தை எழுதியது அடிப்பக்கத்தில். நிஜப் பலகையிலும் ஓவியம் அடிவயிற்றில்தான் இருக்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. அவர் எகிறும்போதும் குப்புற விழும்போதும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். தாங்களோ சிவப்பு மையில், ‘அழைப்பிதழ் தலைகீழாக உள்ளது, சரிசெய்து மறுபடி சமர்ப்பிக்கவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மனுவைத் திருப்பி அனுப்பிய கையால் இதையும் ஒருமுறை செய்திருக்கலாம்.

போகிற போக்கில் ஒன்று: அடிப்பக்கத்தில் தீப்பிழம்பு வரைந்தது தங்கள் பேரன். பதினெட்டிலும் அவன்தான் வரைந்தான். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

எந்தப் பத்திரிகையானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் என் அம்மா வெளியே விடமாட்டார். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், பலகையை இப்படியும் அப்படியும் திருப்பினார். இந்தப் பக்கமும் வளைவு, அந்தப் பக்கமும் வளைவு. “ஏண்டா, மூலையே இல்லாம ஒரு பத்திரிகையா?” என்றார். மோதிர விரல் மஞ்சளோடு அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு பொட்டாக வைத்துவிட்டு அடுத்த பலகையை எடுத்தார். அம்மாவுக்கு 76 வயது. துணைக்குழு போடவில்லை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கவில்லை, சிவப்பு மையையும் தேடவில்லை.

இப்படி எல்லாம் முடிந்து, பெயர், நாள், நேரம் வரை எழுதியாகிவிட்டது. ‘இடம்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்த இடத்தில் நிற்கிறோம்.

பார்ட்டி ஹால் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். ‘சக்கரம் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு ஹால் வழங்கப்பட மாட்டாது’ என்பது தங்கள் வாசகம். தங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குச் சமையல்காரர் அண்டாக்களைத் தள்ளிக்கொண்டு வந்த வண்டிக்கும் சக்கரம் இருந்ததாக ஞாபகம். பாயசம் நன்றாக இருந்ததால் அந்தக் கேள்வியை அன்று யாரும் எழுப்பவில்லை.

ஸ்டில்ட் பார்க்கிங்கில் கார்கள் நிற்கின்றன. விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டாவது கார்கள். கேட்டிலிருந்து பி பிளாக் வரை ஒரு நீண்ட வழி இருக்கிறது. அதன் தலைப்பில்தான் தங்கள் அறிவிப்பு: ‘சைக்கிள், ஸ்கேட்டிங், கிரிக்கெட், ஓடுதல், கத்துதல் கூடாது.’ நம் வளாகத்தில் இரண்டு வகைப் பலகைகள் உண்டு. நகராத பலகைக்குத்தான் மரியாதை.

சத்தம் என்று தாங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். சத்தம் வருகிறது. ஸ்கேட்போர்டில் இருப்பவை ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் விட்டம் கொண்ட சின்னச் சக்கரங்கள். பேவர் பிளாக்கின் ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி ஏறும்போது கடகடக்கும். ஒரு பட்டாணி அளவு கல் போதும், சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். (ஒருநாள் இரவு யாரும் இல்லாதபோது நான் ஏறிப் பார்த்தேன். வலது முழங்கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் மட்டும் சாட்சி.) ஆனால் ஏ பிளாக் நாலாம் மாடியில் பொங்கலிலிருந்து கிரானைட் அறுக்கிறார்களே, அந்தச் சத்தம் எந்தப் பலகையில் வருகிறது?

விழுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விழுவார்கள்தான். ஹெல்மெட், முழங்கால் உறை, முழங்கை உறை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம். எழும்புவதற்கு முன்னால் எப்படி விழுவது என்றுதான் சொல்லியே கொடுக்கிறார்கள்.

‘14 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிக் கீழே இறங்கக் கூடாது’ என்ற தங்கள் விதியையும் படித்தேன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு 13 வயது. வெள்ளி வாங்கிய பிரேசிலின் ராய்ஸா லீலுக்கும் 13. பார்க் பிரிவில் வெள்ளி வாங்கிய கோகோனா ஹிராகிக்கு 12. நம் வளாகத்தில் குடியிருந்திருந்தால் மூன்று பேரும் லிஃப்டிலேயே நின்றிருப்பார்கள்.

தடை தங்கள் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நார்வே நாடே 1978-ல் ஸ்கேட்போர்டை விற்கவும் ஓட்டவும் தடை போட்டது. 1989-ல் எடுத்துவிட்டது. பதினொரு வருஷம். நம் அறிவிப்புக்கு இப்போது மூன்று வயதுதான் ஆகிறது. நார்வே கணக்குப்படி விலகுவதற்குள் என் மகளுக்குப் பதினேழு ஆகிவிடும்.

தொலைவுக்கும் போக வேண்டாம். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு பலகையில் சறுக்கும் படம் உலகம் சுற்றியது. அவளைப் பற்றி எடுத்த ‘கமலி’ என்ற ஆவணப்படம் 2020-ல் பாஃப்டா குறும்படப் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. அந்தப் பரிசை வென்றதும் ஒரு ஸ்கேட்போர்டு படம்தான், காபூல் நகரத்துச் சிறுமிகள் பலகை பழகுவதைப் பற்றியது. ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது. அந்தக் காலத்துக் காபூலில் கூடச் சிறுமிகள் சறுக்க நாலு சுவருக்குள் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். பலகை விடுவதற்கென்றே கோவளத்தில் தளம் கட்டினார்கள். பதினெட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அங்கே போகலாம் என்றால், திரும்பி வருவதற்குள் கேக் உருகி ஐஸ்கிரீம் ஆகிவிடும்.

இன்னொரு ஆவணத்தையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். வீடு வாங்கும்போது கட்டடம் கட்டியவர்கள் ஒரு பளபளப்பான புத்தகம் கொடுத்தார்களே, பீரோவைக் குடைந்து அதை எடுத்தேன். அட்டையில் நீல வானம், புல்வெளி, ஒரு தாத்தா பேப்பர் படிக்கிறார், பாட்டி சிரிக்கிறார். அவர்களுக்கு முன்னால் சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒரு சிறுவன் சறுக்கிக்கொண்டு போகிறான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சைக்கிள் அல்ல, ஸ்கேட்போர்டுதான். அவன் சறுக்குகிற வழிக்குக் கீழே ‘குழந்தைகள் விளையாடும் பகுதி’ என்று அச்சடித்திருக்கிறது. இன்று அந்தப் பகுதியில் டிரான்ஸ்பார்மரும், யாரோ காலி செய்துவிட்டுப் போன ஒரு சோபாவும், தங்கள் காரும் இருக்கின்றன. நம் வளாகத்தில் தடையில்லாமல் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவன் அந்த ஒரு பையன்தான். அவன் மெயின்டனன்ஸ் கட்டுகிறானா என்று பொருளாளரிடம் விசாரிக்கவும்.

கேட்பது பெரிய விஷயமில்லை. ஞாயிறு மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை, கேட்டிலிருந்து பி பிளாக் வரை உள்ள வழி வேண்டும். கூட்டிப் பெருக்கிக் கல் பொறுக்கும் வேலை என்னுடையது. முதியோர் மதியத் தூக்கத்திலிருந்து நாலு மணிக்குள் எழுந்துவிடுவார்கள் என்று அம்மா உறுதி சொல்கிறார், காபி அவர் பொறுப்பு. தங்கள் காரை இரண்டு மணிநேரம் தெருவில் நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கு நிழலும் பார்த்து வைத்திருக்கிறேன்.

பதினெட்டில் பதினேழு பலகைகள் ஷூ டப்பாவில் அடுக்கித் தயாராக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுவதற்குள் கொடுத்தாக வேண்டும். தங்களுக்கு ஒன்று தனியாக இத்துடன் இருக்கிறது. மற்றப் பதினேழிலும் அதைப் பார்த்து எழுதிக்கொள்வோம். ‘இடம்’ என்ற வரியை மட்டும் தங்கள் கையால் நிரப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சி பிளாக், 304.

இணைப்பு:
அழைப்பிதழ் – 1 (தயவுசெய்து திருப்பிப் பார்க்கவும்).
பென்சில் – 1.