ஆறேகால் ஏழான கதை

ராஜா அண்ணாமலைபுரத்தில் சூரியனுக்கு முன்னால் பொற்காலம் உதித்துவிடும். காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் மூன்றாம் மாடி மாமா அதை அனுப்பிவைப்பார். நேற்றும் அனுப்பினார். "1957. இட்லி ஓரணா. காபி இரண்டணா. சினிமாவுக்குத் தரை டிக்கெட் நாலணா. திரும்பி வருமா அந்தக் காலம்?" கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் அழுதேவிட்டார், மஞ்சள் பொம்மை முகத்தில்.

அரை மணி நேரத்தில் மாமாவின் மருமகன் நியூ ஜெர்சியிலிருந்து தன் பங்குக்கு அமெரிக்கப் பொற்காலத்தை இறக்கினார். 1955. மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் 15 சென்ட். மறுபடியும் கும்பிடு, மறுபடியும் கண்ணீர். ஏக்கத்துக்கு மட்டும் விசா கேட்பதில்லை.

இரண்டு பட்டியலிலும் விலை இருந்தது. சம்பளம் இல்லை.

நாமே போட்டுப் பார்ப்போம். 1950-51-இல் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 265 ரூபாய் என்று தேசிய வருமானக் குழு கணக்கிட்டது. ஆண்டுக்கு, மாதத்துக்கு அல்ல. நாளுக்குப் பிரித்தால் பன்னிரண்டணாகூடத் தேறாது. ஒரு நாள் வருமானம் முழுவதையும் ஓட்டலில் கொட்டினால் பதினொரு இட்லி. சட்னி இலவசம். வாடகை, துணி, மருந்து, பிள்ளையின் ஸ்லேட்டு எல்லாம் அந்தச் சட்னியில்தான் தொட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று அதே சராசரி ஆண்டுக்கு 1.8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதே விகிதத்தில் இட்லி விற்றால் ஒன்று நாற்பது ரூபாய்க்கு மேல். எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் நாற்பது ரூபாய்க்கு நாலு இட்லி கிடைக்கிறது. 2013-இல் திறந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கே ஒன்று. மாமா ஏங்கிய இட்லிதான், ஐயா, நம் இட்லியைவிட விலை அதிகம்!

சராசரியும் ஒரு புளுகுதான், ஒப்புக்கொள்கிறேன். கடலைப் பார்த்த பால்கனி வீட்டுக்காரரையும் அந்தப் பால்கனியைத் துடைக்கிறவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இருவரும் சுகமாக இருப்பதாகத்தான் விடை வரும். ஆனால் மாமாவின் புளுகுக்கு மறுமொழி சொல்ல இந்தப் புளுகு போதும்.

பட்டியலில் விட்டுப்போன இன்னொன்றும் உண்டு. ஓரணா இட்லியை யார் உட்கார்ந்து தின்றார்கள்? அதே 1957-இல்தான் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். தினம் தினம் ஆட்கள் போனார்கள், கைதானார்கள். ஒரு சொல்லை அழிக்க அத்தனை பேர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. மருமகனின் 1955-இல் என்ன நடந்தது? டிசம்பர் 1, மாண்ட்கமரியில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸைக் கைது செய்தார்கள். ஹாம்பர்கர் 15 சென்ட்தான். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

மெனுவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பலகையை மட்டும் மறந்துவிட்டார்கள்.

சரி, ஓரணாவுக்கே வருவோம். 1957 ஏப்ரல் 1. நாள் பார்த்துத்தான் குறித்திருக்கிறார்கள். அன்று ரூபாய்க்குப் பதினாறணா போய் நூறு நயா பைசா வந்தது. நூறைப் பதினாறால் வகுத்தால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் அடிக்கவில்லை. அரசு ஓர் அட்டவணை போட்டது. ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து. அட்டவணை சுவரில் தொங்கியது. கணக்கு கல்லாவில் நடந்தது. கல்லாவில் ஆறேகால் ஏழானது. வாங்கியவன் ஏழையானான்.

இந்தக் கால் பைசா சின்ன விஷயமில்லை. நம் பொருளாதார வரலாறு முழுவதும் அந்தக் காலில்தான் நிற்கிறது. பின்னம் விழும்போதெல்லாம் அது விழுகிற பக்கம் ஒன்றே. 2011 ஜூன் 30-ஓடு நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாமல் போயின. காசு செத்தது, பில்லில் அதன் ஆவி மட்டும் நடமாடுகிறது. மருந்துக்கடை ரசீதைப் பாருங்கள், ரூபாய்க்குப் பின்னால் புள்ளி வைத்துப் பைசா. கையில் கொடுப்பது மிட்டாய். அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து அதே கடையில் மாத்திரை வாங்கிப் பாருங்களேன்.

காசு இப்படி. சோறு எப்படி? இப்போது கோதுமைக் கப்பல் கதை. 1950-களில் அமெரிக்காவுக்கு ஒரு பெருங்கவலை. கோதுமை அதிகமாக விளைந்துவிட்டது. 1956-இல் நிலத்தை விதைக்காமல் சும்மா போட்டுவைக்கச் சொல்லி விவசாயிக்குப் பணம் கொடுத்தார்கள். மிஞ்சியதை 1954-இல் போட்ட பி.எல். 480 என்ற சட்டத்தின்படி நமக்கு விற்றார்கள். நம் ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில் கையெழுத்தானது. அங்கே விதைக்காமலிருக்கக் கூலி. இங்கே 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவில் அடுப்பு மூட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், தன் வீட்டிலும் கடைப்பிடித்தார். ஆனால் திங்கள் மட்டும் அல்லாமல் செவ்வாய், புதன் இரவுகளிலும் அடுப்பு மூட்ட வழியில்லாதவனிடம் எதை விட்டுத்தரச் சொல்வது?

அமெரிக்க அதிபர் ஜான்சன் மாதா மாதம் அளந்து அளந்து கப்பலை விட்டார். வியட்நாம் போரைப் பற்றி டெல்லி வாய் திறந்ததற்கும் சேர்த்துத் தண்டனை. கடன்காரனை வாசலில் நிற்கவைத்துப் பேசும் மளிகைக்கடைக்காரர் செய்கிற வேலையை ஒரு வல்லரசு செய்தது. கோதுமைக்கு நாம் கட்டிய ரூபாய் இங்கேயே அமெரிக்கக் கணக்கில் மலையாகக் குவிந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து காசோலை ஒன்றை நீட்டினார். 1,664 கோடி ரூபாய்! உலகிலேயே பெரிய காசோலை என்று கின்னஸ் பதிந்துகொண்டது. பட்டினிக்குக்கூட ஒரு சாதனைப் பட்டியல் உண்டு.

வயிறு காய்ந்தால் வாக்குறுதி விளையும். 1967 தேர்தலில் அரிசி ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. ஜனம் நம்பியது. காங்கிரஸ் கவிழ்ந்தது. ஒரு படியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். மாநிலம் முழுக்கப் பரவவில்லை. லட்சியம் லட்சியமாகவே இருந்தது, அதுதானே லட்சியத்துக்கு அழகு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று பயந்துபோன எல்லாக் கட்சிகளும் அதன்பிறகு அரிசியை மறக்கவில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். 'இலவசத்தால் நாடு கெட்டது' என்று எங்கள் குழுவில் வாரம் இருமுறை எழுதுகிறவர் வீட்டு இட்லி மாவு எந்த அரிசியில் அரைபட்டது என்று நான் கேட்கப் போவதில்லை. இட்லி மெத்தென்று இருக்கிறது.

நாலணாத் தரை டிக்கெட்டுக்கு வருவோம். அந்த நாலணாவில் ஒரு பங்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேளிக்கை வரி. படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம். மந்திரி ரிப்பன் வெட்டுவார். மந்திரி அணையைப் பார்ப்பார். அணை மந்திரியைப் பார்க்கும். ஜனம் வெளியே பீடி பிடிக்கப் போகும். இதைத் திரையிடுவது கட்டாயம். கட்டாயமாகத் திரையிட்டதற்குத் தியேட்டர்காரர் அரசுக்கு வாடகையும் கட்ட வேண்டும். தன் விளம்பரத்தைத் தானே எடுத்து, அதைப் பார்க்க நம்மிடமே காசும் வாங்கிய விளம்பரதாரர் வேறு எவர்?

வானொலியைக் கையில் வைத்திருந்தவர் மத்திய அமைச்சர் கேஸ்கர். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று அதை ஒதுக்கிவைத்தார். கோடம்பாக்கத்தில் பதிவான பாட்டைக் கேட்க மயிலாப்பூர்க்காரர் முள்ளைத் திருகி இலங்கைக்குப் போனார். பாட்டு கடல் கடந்து வந்தது. ரேடியோ வைத்திருப்பதற்கான லைசென்ஸ் பணத்தை மட்டும் உள்ளூர் தபால் ஆபீஸில் கட்டினார். 1957 அக்டோபரில் விவித்பாரதி தொடங்கிய பிறகுதான் அரசாங்கத்தின் காதில் ஜனத்தின் பாட்டு விழுந்தது.

இன்று மந்தைவெளியில் கபாலி தியேட்டர் இல்லை. லஸ்ஸில் காமதேனு இல்லை. வரி இருக்கிறது. 2017 ஜூலையில் 'ஒரே நாடு, ஒரே வரி' வந்தது. அதன் தலைமேல் தமிழ்நாட்டில் முப்பது சதவீதக் கேளிக்கை வரி என்றார்கள். தியேட்டர்காரர்கள் கதவை இழுத்து மூடிய பிறகு அரசு இறங்கிவந்தது. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பாப்கார்னை ஆராய்ந்தது. உப்புப் போட்டால் ஐந்து சதவீதம், பொட்டலம் கட்டினால் பன்னிரண்டு, கேரமல் பூசினால் பதினெட்டு என்றது. ஆறேகால் பைசாவில் தொடங்கிய கணக்கு சோளப்பொரியில் வந்து நிற்கிறது. செய்திப்படமும் ஒழியவில்லை, இருபத்துநாலு மணி நேரமாகிவிட்டது. அன்று பீடி பிடிக்க வெளியே போகலாம். இன்று எங்கே போவது?

நான் போவது கிரீன்வேஸ் சாலைக்கு, நடைக்கு. மந்திரிகளின் அரசு பங்களாக்கள் வரிசையாக நிற்கும் சாலை. ஒரு பகுதிக்கு பி.எஸ். குமாரசாமி ராஜாவின் பெயர். 1949 முதல் 1952 வரை முதல்வராக இருந்தவர். அது ரேஷன் காலம். அரிசிக் கோபத்தில் 1952 தேர்தலில் ஜனம் அவரையே தோற்கடித்தது. அடுத்து வந்த ராஜாஜி அதே ஆண்டில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். தோற்ற மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டைக் காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இருந்த வீட்டை ஊருக்குக் கொடுத்தவரின் பெயரைத் தேடிப்பிடித்து, ஊர்க் காசில் வீடு வாங்கிக்கொள்கிறவர்கள் வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். இதைவிடக் கூரான அங்கதத்தை என் போன்றவன் எழுத முடியாது. கான்வாய் வரும்போது அந்தப் பலகையின் கீழேதான் நம்மை நிறுத்திவைக்கிறார்கள். மெட்ரோ தடுப்புக்கும் போலீஸ் தடுப்புக்கும் நடுவில். ஊர்ப் பெயரில் ஒரு ராஜா, சாலைப் பெயரில் ஒரு ராஜா, பங்களாக்களில் பல ராஜாக்கள். பிரஜை நடக்கத்தான் நடைபாதை இல்லை.

இன்று காலை குழுவில் வேறொரு செய்தி. எங்கள் அடுக்ககத்தில் நாலு வீடுகளுக்குச் சமைக்கும் அக்கா மாதம் ஐந்நூறு கூட்டிக் கேட்டிருக்கிறார். ஆற்றங்கரையில் இருந்த அவர் குடிசையை எடுத்து, பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் கிளம்பி, மாமா கேலி செய்யும் அந்த இலவச பஸ்ஸில் வந்து, மாமாவுக்குக் காபி போடுகிறார். இட்லி விலை பற்றி அவருக்கு ஏக்கம் எதுவும் இல்லை. அதை அவிப்பதே அவர்தான்.

மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது: "இந்த விலைவாசியில் எப்படிக் கட்டுப்படியாகும்? இருநூறு போதும். எல்லா வீட்டிலும் ஒரே ரேட். யாரும் மார்க்கெட்டைக் கெடுத்துடாதீங்க."

கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. வாங்கும்போது மேலே உருளுகிற பின்னம் கொடுக்கும்போது எப்படிக் கீழே உருளும் என்று பார்த்தேன். பொற்காலப் பட்டியலில் சம்பளம் ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. மாமா அதை மறந்துவிடவில்லை. அதை மட்டும் பத்திரமாக 1957-லேயே வைத்திருக்கிறார்.